மார்க் யாருக்கு?

டான்ஸ் ஷோவில் நடுவர்கள் யாருக்கு மார்க் போடுகிறார்கள் என்று கேட்டால், ஆடுகிறவருக்குத்தான் என்று பட்டென்று பதில் வரும். சேலையூர் கேம்ப் ரோடு டீக்கடையில் என்னிடம் பேச்சுக் கொடுத்த நண்பருக்கும் அதில் சந்தேகமே இல்லை. ஒன்பது வயது மகளுக்கு மாடியில் டான்ஸ் கிளாஸ். அது முடியும்வரை அவருக்குக் கீழே டீ. "அந்த ஜோடி நல்லாத்தானே சார் ஆடுனாங்க, அவங்களைப் போய் ஏன் எலிமினேட் பண்றாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். பதில்தான் கொஞ்சம் சுற்றி வரும், இன்னொரு டீ சொல்லுங்கள் என்றேன்.

முதலில் பழைய கதை. 2006-இல் விஜய் டிவியில் 'ஜோடி நம்பர் ஒன்' வந்தது. மறு ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, கலைஞர் தொலைக்காட்சி தொடங்கியது. அந்த ஆண்டு கலைஞர் குடும்பத்துக்குள் என்ன உரசல், ஏன் தனிச் சேனல் என்பதெல்லாம் ஊரறிந்த அரசியல். அதற்குள் போனால் டீ போதாது. புதுச் சேனலுக்கு வீடு மொத்தமும் உட்கார்ந்து பார்க்கிற ஒரு நிகழ்ச்சி தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் 'மானாட மயிலாட'. இயக்கம் கலா மாஸ்டர். 'கொச்சு கொச்சு சந்தோஷங்கள்' என்ற மலையாளப் படத்துக்காக நடன அமைப்புக்கான தேசிய விருது வாங்கியவர். நடுவர் நமீதாவின் 'மச்சான்', கலா மாஸ்டரின் 'கிழி கிழி கிழி', மூச்சுக்கு மூச்சு ஒலித்த 'கெமிஸ்ட்ரி' எல்லாம் குரோம்பேட்டை, பல்லாவரம் கல்லூரிப் பையன்கள் வாயில் பல வருஷம் புழங்கின. கேலியாகத்தான். ஆனால் கேலி செய்ய வேண்டுமென்றாலும் முழு எபிசோடையும் பார்த்திருக்க வேண்டுமே!

இந்த வகை நிகழ்ச்சி நம் கண்டுபிடிப்பு அல்ல. இந்தியில் 'பூகி வூகி' 1996-லேயே வந்துவிட்டது. பிரபலங்களை ஆடவைக்கும் பாணியை பி.பி.சி. 2004-இல் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்' என்று ஆரம்பிக்க, அதன் இந்திய வடிவமாக 2006-இல் 'ஜலக் திக்லா ஜா' வந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இருக்கிறது. லண்டனில் ஜோடி என்றால் ஒருவர் பிரபலம், மற்றவர் தொழில்முறை நடனக்காரர். சொல்லிக் கொடுக்கிறவரும் கூடவே மேடையில் ஆடுகிறார். நம் ஊர் ஜோடி நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் இரண்டு பேருமே சீரியல் முகங்கள். சொல்லிக் கொடுக்கிறவர் கேமராவுக்கு வெளியே நிற்கிறார். அவர்தான் மாஸ்டர். மார்க்கில் பாதிக்கு மேல் அவருக்குப் போகிறது என்பது என் கட்சி.

நண்பர் நம்பவில்லை. "ஆடுறது இவங்கதானே?"

ஒரு வார வேலையைப் பார்த்தால் புரியும். இந்த வாரம் ரெட்ரோ சுற்று, அடுத்த வாரம் குத்து, அதற்கடுத்து ப்ராப்பர்ட்டி சுற்று என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பாட்டு முடிவானதும் மாஸ்டர் முதலில் செய்வது ஸ்டெப் போடுவது அல்ல, ட்ராக் வெட்டுவது. நாலரை நிமிடப் பாட்டை இரண்டரை நிமிடமாகச் சுருக்க வேண்டும். இரண்டாவது சரணம் போயே போய்விடும். பல்லவி நிற்கும். ஆளைத் தூக்குகிற இடத்தில் ஒரு 'டம்' சத்தம் தனியாகச் சேரும். பிறகு கணக்கு. மாடியில் உங்கள் மகள் கத்துகிற 'ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்' இருக்கிறதே, அந்த எட்டுதான் அளவுகோல். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடுகிற பாட்டு என்றால் ஓர் எட்டுக்கு நான்கு விநாடி. இரண்டரை நிமிடம் 150 விநாடி. ஆக மொத்தம் 37 எட்டு, சொச்சம்.

இந்த 37 எட்டையும் யாரிடம் எதைக் கொடுப்பது என்று பங்கு பிரிப்பதில்தான் மாஸ்டரின் மூளை இருக்கிறது. நாயகனுக்குக் கால் ஓடாது, முகம் மட்டும் பேசும் என்று வையுங்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு எட்டு ஓட்டிவிடுவார். கையில் ஒரு குடையைக் கொடுத்தால் இன்னும் இரண்டு எட்டு கழியும். கூட ஆடுகிற பெண்ணுக்குச் சின்ன வயதில் பரதம் பழக்கம் உண்டென்றால், கஷ்டமான எட்டெல்லாம் அவர் தலையில் விழும். நாயகன் தடுமாறுகிற நேரம் பார்த்து குரூப் டான்ஸர்கள் குறுக்கே ஓடுவார்கள். அது ஃபார்மேஷன் என்று பார்க்கிறவர் நினைப்பார். மறைப்பும் அதுதான். கடைசி இரண்டு எட்டுக்கு ஒரு லிஃப்ட், ஒரு சுற்று, மூச்சு வாங்க ஒரு போஸ். நடுவர் எழுந்து நின்று கைதட்டுவது இந்தப் பங்கீட்டுக்குத்தான். அடுத்த முறை பார்க்கும்போது முகத்துக்கு குளோசப் எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். பல நேரம் கால் சிக்கலான இடத்தில்தான் விழும். எடிட்டரும் மாஸ்டருக்குத் துணை.

சரி, நன்றாக ஆடிய ஜோடி ஏன் வெளியே போகிறது? சீசன் என்பது போட்டி மட்டுமல்ல, நாள்காட்டியும்கூட. இத்தனை வாரம் ஓட வேண்டும், இத்தனை பேரில் தொடங்கி இத்தனை பேரில் ஃபைனல் என்று முதல் நாளே கோடு போட்டாகிவிடும். ஒரு சுற்று ஒரு ஜோடிக்கு ஒத்துவராது. அந்த வாரம் பார்த்துக் கத்தி விழும். போனவர்களைத் திரும்ப அழைக்க வைல்டு கார்டு என்று ஒரு பின்வாசலும் உண்டு. இதற்கெல்லாம் மேலே டி.ஆர்.பி. நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் மீட்டர் வைத்து அளக்கிறது பார்க் நிறுவனம். அந்த எண் டான்ஸை மட்டும் வைத்து ஏறுவதில்லை. அழுகைக்கும் சண்டைக்கும் இன்னும் நன்றாக ஏறும் என்று சேனல்காரர்களுக்குத் தெரியும். 'ஜோடி நம்பர் ஒன்' இரண்டாம் சீசனில் நடுவர் சிம்புவுக்கும் போட்டியாளர் பப்லு பிருத்விராஜுக்கும் நடந்த வாக்குவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்கு நடிக்கத் தெரியாது என்று சிம்பு கண்கலங்கியது இன்றும் மீம்ஸாகச் சுற்றுகிறது. அந்த சீசனில் ஜெயித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள்.

ஜெயித்தவர்களை மறந்துவிட்ட ஊருக்கு மாஸ்டர்களை மட்டும் ஞாபகம் இருக்கிறது. இந்த நிகழ்ச்சிகளுக்கு முன்னால் சினிமா நடனக் கலைஞர் என்றால் கதாநாயகனுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் நிற்கும் பெயரில்லாத முகம். டைட்டிலில் பெயர் வருவது டான்ஸ் மாஸ்டருக்கு மட்டும். 'மானாட மயிலாட' வாராவாரம் இளம் மாஸ்டர்களைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தது. அப்படி வீடுகளுக்குள் வந்தவர் சாண்டி. அங்கே தொடங்கி, 2019-இல் பிக்பாஸ் மூன்றாம் சீசனில் இரண்டாம் இடம், 2023-இல் 'லியோ' படத்தில் கொடூர வில்லன் என்று போய்விட்டார். விஜய் டிவியின் 'உங்களில் யார் அடுத்த பிரபுதேவா'வில் ஜெயித்த ஷெரீப் சினிமாவில் நடன இயக்குநர் ஆனார். அதே நிகழ்ச்சியில் 2008-இல் ஆடிய ஒரு பெண்ணுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அவர் சாய் பல்லவி. பத்து வருஷம் கழித்து 'மாரி 2' படத்தில் 'ரவுடி பேபி' பாட்டுக்கு அவரை ஆடவைத்தவர் சாட்சாத் பிரபுதேவா. யூடியூபில் 100 கோடிப் பார்வையைத் தாண்டிய பாட்டு அது.

இந்தப் பெயர்களின் வெளிச்சம் விழுந்த இடம் நம் பக்கத்துத் தெருக்கள்தான். மேடவாக்கம், பெருங்களத்தூர், ராஜகீழ்ப்பாக்கம் எங்கே போனாலும் பேக்கரிக்கு மேலே ஒரு டான்ஸ் கிளாஸ் ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. உள்ளே ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், செருப்புக் குவியல். நடத்துகிறவர் பெரும்பாலும் ஏதோ ஒரு சீசனில் குரூப்பில் ஆடியவர், அல்லது ஆடிஷன்வரை போனவர். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை பள்ளி ஆண்டு விழாக்கள், நடுவில் அபார்ட்மென்ட் பொங்கல் விழா, முகூர்த்த மாதங்களில் கல்யாண சங்கீத். டிவி நிகழ்ச்சி ஒரு சீசனோடு முடிந்தாலும் இவருடைய சீசன் முடிவதில்லை. பரத வகுப்பில் அரங்கேற்றம்வரை பொறுமையாகக் காத்திருக்கிற அதே வீட்டுக்காரர்கள், இங்கே மூன்றாம் மாதமே "எப்போ சார் டிவியில வரும்?" என்று கேட்பதுதான் எனக்கு வேடிக்கை.

நண்பர் அதையே கேட்டார். மகளை ஆடிஷனுக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், காகிதத்தைப் பார்த்துவிட்டு என்றேன். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகள் பொருந்தும். செட் இருக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பள்ளிப் பாடம் விட்டுப்போகக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளர். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு. பாட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான சினிமா அசைவுகளைக் குழந்தைகளை வைத்து ஆடவைக்க வேண்டாம் என்று 2019 ஜூனில் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. உடைக்கும் ப்ராப்பர்ட்டிக்கும் யார் காசு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

"ஐந்து மணி நேரம்னா, ஷூட்டிங் விடிய விடியப் போகும்னு சொல்றாங்களே சார்?"

போகும். ஒரே ஷெட்யூலில் இரண்டு மூன்று எபிசோட் எடுக்கிறவர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும். நேரம் முடிந்ததும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். புரொடக்ஷன் மேனேஜர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.