மின்தடைக்கு ஏற்ற டோர்ச் விளக்கும் மின்கலங்களும்

2013 டிசம்பரில் உறைமழையால் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில வீடுகள் பல நாள்கள் இருளில் இருந்தன. இத்தகைய வேளைகளில் மெழுகுவர்த்தியால் தீ விபத்து நேரலாம். டோர்ச் விளக்கே பாதுகாப்பானது.

வீட்டினுள் நடமாட 100 லூமென் ஒளி போதும். வெளியே அறுந்த மின்கம்பிகளைத் தொலைவிலேயே கண்டு விலக 300 லூமென் நன்று. ‘ஐபிஎக்ஸ்7’ குறியீடுள்ள விளக்கு 1 மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும்.

அல்கலைன் மின்கலங்கள் கடுங்குளிரில் வலுவிழக்கும். நாளடைவில் கசிந்து விளக்கைப் பழுதாக்கும். காரில் வைக்கும் விளக்குக்கு, அதன் கையேடு அனுமதித்தால், மீள மின்னேற்ற முடியாத 1.5 வோல்ற் லிதியம் மின்கலங்களே ஏற்றவை. பழையவற்றையும் புதியவற்றையும் கலந்து இடலாகாது. குளிர்காலத்துக்கு முன்னர் விளக்கை எரியவிட்டுச் சோதித்தல் அவசியம். தீர்ந்த மின்கலங்களைக் குப்பையில் இடாது, அவற்றுக்குரிய சேகரிப்புப் பெட்டியில் சேர்த்தல் வேண்டும்.