சிரிப்புக்குச் சொந்த ஊர் உண்டு

இருமொழி நகரில் வாழும் திரை ரசிகர் ஒருவரின் விருப்பப் படங்கள்

தார்நாகா என்ற பெயருக்குக் கம்பி வேலியிட்ட காவற்சாவடி என்று பொருள் கூறுவர். ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி அமைந்துள்ள இப்பகுதியில் இன்று வேலியும் இல்லை, சாவடியும் இல்லை. மெட்ரோ இரயில் மேலே ஓடுகிறது. ஆய்வு நிறுவனங்களும், சிறிது தொலைவில் தென்மத்திய இரயில்வேயின் அலுவலகங்களும் பல தமிழ்க் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. அலுவல் நிமித்தம் வந்தவர்கள் வீடு கட்டினர். பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். ஓய்வு பெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்டனர்.

இவ்வாறு இரு மொழிகளுக்கு நடுவே வாழும் திரை ரசிகனுக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் பார்த்து, எது எல்லையைத் தாண்டுகிறது, எது தாண்டாமல் நின்றுவிடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனக்கு மிகவும் விருப்பமானவை நகைச்சுவைப் படங்களும் சாகசப் படங்களும். அவற்றைப் பல ஆண்டுகளாக இரு மொழிகளிலும் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. சாகசத்தை அப்படியே ஏற்றுமதி செய்யலாம். சிரிப்பை அந்தந்த ஊரில் மறுபடியும் சமைக்க வேண்டும்.

ஒரே அரங்கு, இரண்டு படங்கள்

இதை முதலில் நன்கு அறிந்தவர்கள் சென்னை விஜயா நிறுவனத்தின் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் ஆவர். 1947ஆம் ஆண்டில் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கியவர்கள் இவர்களே. ஒரு மந்திரவாதியின் கதையை இரு மொழிக் குழந்தைகளுக்கும் சொல்லத் தெரிந்தவர்கள், அதே முறையைத் திரைக்கும் கொண்டு வந்தனர். கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் 1951இல் 'பாதாள பைரவி' தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. தோட்டக்காரனின் மகன் இளவரசியை விரும்புகிறான். அவளை அடையச் செல்வம் வேண்டும். செல்வம் தருவதாக ஒரு மந்திரவாதி அழைக்கிறான். ஆனால் மந்திரவாதிக்கு வேண்டியதோ அவனுடைய தலை. என். டி. இராமாராவ் நாயகன். எஸ். வி. ரங்காராவ் மந்திரவாதி. இன்று பார்த்தாலும் அந்த மந்திரவாதி வரும்போதெல்லாம் படம் நிமிர்ந்து உட்காருகிறது. எதிரி வலியவனாகவும் சுவையானவனாகவும் இருந்தால்தான் சாகசம் சிறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், எல். வி. பிரசாத்தின் இயக்கத்தில் 'மிஸ்ஸம்மா' தெலுங்கிலும் 'மிஸ்ஸியம்மா' தமிழிலும் வந்தன. வேலை கிடைப்பதற்காக, முன்பின் பழக்கமில்லாத ஓர் இந்து இளைஞனும் ஒரு கிறித்தவப் பெண்ணும் கணவன் மனைவியாக நடித்துப் பள்ளி ஆசிரியர்கள் ஆகின்றனர். இங்கே வாளும் இல்லை, குகையும் இல்லை. உண்மை வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சமே சாகசம். இரு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் ஒரு மாற்றத்தைக் கவனிப்பார். சாவித்திரியும் ரங்காராவும் இரண்டிலும் இருக்கின்றனர். ஆனால் தெலுங்கில் நாகேசுவர ராவ் ஏற்ற துப்பறியும் இளைஞனின் நகைச்சுவை வேடத்தைத் தமிழில் ஏற்றவர் கே. ஏ. தங்கவேலு. கதை அதேதான், சிரிப்பு மட்டும் உள்ளூர்க்காரரின் கையில் ஒப்படைக்கப்பட்டது.

கல்யாண வீட்டுச் சமையலறை

என் பட்டியலில் முதலிடம் எப்போதும் 1957இல் வெளிவந்த 'மாயா பஜார்' படத்துக்கே. இதுவும் கே. வி. ரெட்டி, இதுவும் இரு மொழி. வியாச பாரதத்தில் இல்லாத, மக்கள் வழக்கில் வளர்ந்த கதை இது. பலராமனின் மகளை அபிமன்யுவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தனர். பாண்டவர் நாடிழந்ததும் உறவினர் மனம் மாறித் துரியோதனன் மகனுக்குப் பேசி முடிக்கின்றனர். கண்ணனின் துணையோடு கடோத்கசன் அந்தக் கல்யாணத்தைக் கலைக்கிறான். பாரதக் கதையாக இருந்தும் பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தோன்றுவதில்லை. இத்துணிவை இன்றைய படங்களிலும் காண்பது அரிது.

படத்தின் உச்சம் போர்க்களமன்று, கல்யாண வீடு. கடோத்கசன் மணப்பெண்ணின் உருவெடுத்து உள்ளே புகுகிறான். அதாவது, ஓர் அரக்கன் பெண்ணாக நடிப்பதைச் சாவித்திரி நடித்துக் காட்ட வேண்டும். நாணிக் குனிந்திருக்கும் மணமகள், யாரும் பாராத வேளையில் அரக்க நடை நடக்கிறாள். மணவறையில் மாப்பிள்ளையின் காலை மிதிக்கிறாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்ற பதைப்பும் நமக்குள் ஓடுகிறது. பிறகு சமையலறைக்குள் ரங்காராவ் அமர, இலட்டுகள் தாமே பறந்து அவர் வாய்க்குள் செல்கின்றன. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் அந்த மாயத்துக்கு மொழி தேவைப்படவில்லை.

இங்கும் விஜயாவின் பழைய முறையைக் காணலாம். துவாரகை நகருக்காக அமைத்த 300க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு வீடுகளும், கடோத்கசனும், கண்ணனும் இரு வடிவங்களுக்கும் பொது. மாப்பிள்ளையான இலட்சுமண குமாரன் தெலுங்கில் ரேலங்கி, தமிழில் தங்கவேலு. சகுனி தெலுங்கில் சி. எஸ். ஆர்., தமிழில் நம்பியார். தெலுங்கில் பிங்கலி நாகேந்திர ராவ் புதுச் சொற்களையே ஆக்கித் தந்தார்; தமிழில் எழுதும் பொறுப்பு தஞ்சை இராமையாதாசிடம் சென்றது. சிரிக்க வைப்பவர்களை மட்டும் மாற்றிய இந்த நுண்ணறிவே, எழுபது ஆண்டுகளை நெருங்கிய பின்னும் இரு மாநிலத்தாரும் இதைத் தத்தம் படமாகக் கருதுவதற்குக் காரணம் என்பேன்.

கே. வி. ரெட்டியின் ஒழுங்கும் குறிப்பிடத் தக்கது. படப்பிடிப்புக்கு முன்பே நடிகர்களை ஒத்திகை பார்க்கச் செய்து, ஒவ்வொரு காட்சியின் நேரத்தையும் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்தவர் அவர். நகைச்சுவையும் சாகசமும் ஒன்றுபடும் இடம் இதுதான். அடி ஒரு நொடி பிந்தினால் சிரிப்பும் போகும், திகிலும் போகும்.

குருவின் கடிகாரம்

அந்த ஒத்திகைகளைப் பக்கத்திலிருந்து பார்த்த உதவி இயக்குநர் ஒருவர் உண்டு. அவர் சிங்கீதம் சீனிவாசராவ். கே. வி. ரெட்டியிடம் கற்ற பாடத்தை அவர் மூன்று படங்களில் மூன்று விதமாகச் செயற்படுத்தினார் என்பது என் கணிப்பு.

முதலாவது, 1987இல் வந்த 'பேசும் படம்'. பெயர்தான் அப்படி, படத்தில் ஒரு வசனமும் கிடையாது. வேலையில்லாத இளைஞன் ஒருவன், குடித்து மயங்கிக் கிடக்கும் செல்வனைக் கடத்தி வைத்துவிட்டு, அவனுடைய நட்சத்திர விடுதி அறையில் வாழத் தொடங்குகிறான். அந்தச் செல்வனைக் கொல்லப் பனிக்கட்டியால் ஆன கத்தியோடு ஒருவன் அலைகிறான். சொல்லே இல்லாததால் இப்படத்துக்கு எல்லையும் இல்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் பெயர் மட்டும் மாறிச் சென்றது.

இரண்டாவது, 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்'. கமல்ஹாசனுக்கு நான்கு வேடம். வசனம் கிரேஸி மோகன். கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிட, சமையற்காரர் காமேசுவரன் படும் பாட்டைக் காணும்போது, மாயா பஜாரின் கல்யாணச் சமையலறை நினைவுக்கு வராமல் இராது. ஆள் மாறாட்டமும் அங்கிருந்து வந்த சரக்கே. மலையுச்சியில் வீடு சாய்ந்து தொங்கும் இறுதிக் காட்சி, சாப்ளினின் 1925ஆம் ஆண்டுப் படமான 'தி கோல்டு ரஷ்' படத்துக்குச் செலுத்திய வணக்கம். இப்படம் தெலுங்கில் குரல் மாற்றி வெளியிடப்பட்டது. அதையும் நான் பார்த்தேன். மீன் இருந்தது, பதற்றம் இருந்தது, மலையுச்சி இருந்தது, பாலக்காட்டுக்காரர் இல்லை. காமேசுவரன் வாய் திறந்த முதல் நொடியில் தமிழ்க் காது கண்டுகொள்ளும் அந்த ஊர், குரல் மாற்றத்தில் தொலைந்துபோயிற்று.

மூன்றாவது, 1991இல் தெலுங்கில் வந்த 'ஆதித்யா 369'. காலப் பொறி ஒன்று நாயகனைக் கிருஷ்ணதேவராயர் காலத்துக்கும், பின்னர் எதிர்காலத்துக்கும் கொண்டு செல்கிறது. இதுவும் தமிழில் 'அபூர்வ சக்தி 369' என்று குரல் மாற்றி வந்தது, இழந்தது அதிகமில்லை. காலப் பொறிக்கு ஊர் வழக்கு ஏது?

ஒரே இயக்குநர், அடுத்தடுத்த ஆண்டுகள், ஒரே வகையான குரல் மாற்றம். சாகசம் தாண்டிச் சென்றது. சிரிப்பில் பாதி இக்கரையிலேயே நின்றது. என் கட்சிக்கு இவ்விரு படங்களே முதற்சாட்சி.

எதிர்க்கட்சிக்கும் ஒரு சாட்சி

இதை மறுப்பவர்கள் எஸ். எஸ். இராஜமௌலியின் 'மரியாத ராமண்ணா'வைக் காட்டுவர். 2010இல் வந்த இப்படத்துக்கு மூலம் பஸ்டர் கீட்டனின் 1923ஆம் ஆண்டு மௌனப் படமான 'அவர் ஹாஸ்பிடாலிட்டி'. பழம்பகை கொண்ட வீட்டுக்குள் அறியாமல் விருந்தினனாக நுழைகிறான் நாயகன். வீட்டுக்குள் இருக்கும்வரை அவனைத் தொடக் கூடாது என்பது அக்குடும்பத்தின் மரபு. வாசற்படியைத் தாண்டினால் உயிர் போகும். அமெரிக்கச் சிரிப்பு இராயலசீமைக்கு வந்து, பின்னர் 2014இல் 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று சந்தானத்தோடு தமிழுக்கும் வந்ததே என்பது அவர்களின் வாதம்.

வாதம் சரியே. ஆனால் வந்தது வாசற்படி மட்டுமே, சிரிப்பு அன்று. விருந்தோம்பலும் குடிப்பகையும் எந்நாட்டிலும் உண்டு. அவற்றை இராயலசீமையின் பேச்சிலும் உணவிலும் சுனிலின் நடுங்கும் முகத்திலும் மறுபடி சமைத்ததால்தான் அது தெலுங்குப் படமாயிற்று. 2012இல் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த 'நான் ஈ' படத்திலும் ஈ பொதுவாக இருந்தது. தமிழ் வசனத்துக்கு அழைக்கப்பட்டவர் கிரேஸி மோகன். விஜயாவின் முறை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் மாறவில்லை.

செல்லப்பா சொன்ன கதை

இத்தனை ஒப்பீடும் வெறும் பொழுதுபோக்கு அன்று. தார்நாகா போன்ற இடங்களில் வாழும் தமிழ் வீடுகளில் மூன்றாம் தலைமுறை வளர்கிறது. நண்பர்களோடு தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், வீட்டில் பசிக்கும்போது மட்டும் தமிழ். இப்பிள்ளைகளுக்குத் தமிழ் புரிகிறதா என்று கேட்டால் புரிகிறது என்றே பெற்றோர் சொல்வர். உண்மையை அறிய ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' படத்தைப் போட்டுப் பார்த்தால் போதும்.

1964இல் வந்த அப்படத்தில், படமெடுக்கத் துடிக்கும் செல்லப்பா தன் தந்தைக்கு ஒரு பேய்க்கதை சொல்கிறான். நாகேஷ் சொல்ல, டி. எஸ். பாலையா கேட்க, வேறெதுவும் நடப்பதில்லை. பேயும் இல்லை, காடும் இல்லை. ஒரு நாற்காலியில் அமர்ந்தவரின் முகத்தில் முழுச் சாகசமும் நிகழ்ந்துவிடுகிறது. இந்தியில் 'பியார் கியே ஜா' படத்தில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் இக்காட்சியைத் தம் வழியில் சமைத்தனர், அதுவும் சுவையே. நாகேஷ் எழுப்பும் ஓசைகளுக்கு எல்லாப் பிள்ளைகளும் சிரிப்பர். ஆனால் பாலையா இழுத்துச் சொல்லும் ஒரு சொல்லுக்குத் தாத்தா மட்டும் சிரித்து, பேரன் அவர் முகத்தைப் பார்த்தால், அவ்வீட்டில் தமிழ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அந்த நொடியில் தெரிந்துவிடும். ஒரு மொழியில் கணக்குக் கேட்கவும் கடைக்குப் போகவும் விரைவில் கற்கலாம். சிரிக்கக் கற்பது கடைசியில் வருவது. கைவிட்டால் முதலில் போவதும் அதுவே.

நகைச்சுவையை விளக்கிச் சொன்னால் அது செத்துவிடும். எனவே, பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். சொல் குறைந்த படத்தில் தொடங்கி, சொல் மிகுந்த படத்துக்குப் படிப்படியாக அழைத்துச் செல்வதே நல்ல வழி.

விடுமுறைக்கு ஐந்து படிகள்

1. பேசும் படம் (1987): வசனமே இல்லை, ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பாட்டியும் ஒரே நேரத்தில் சிரிக்கலாம்.

2. பாதாள பைரவி (1951): கதை எளிது, மந்திரவாதி வலியவன். 'அம்புலிமாமா' படித்த பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நன்று.

3. மாயா பஜார் (1957): முதலில் தெலுங்கில், மறுவாரம் தமிழில். தெலுங்கு வடிவம் 2010இல் வண்ணமேற்றி மீண்டும் திரைக்கு வந்தது. ஆயினும் கறுப்பு வெள்ளையே என் தேர்வு. ரேலங்கியா, தங்கவேலுவா என்று வீட்டில் வாக்கெடுப்பு நடத்தலாம்.

4. காதலிக்க நேரமில்லை (1964): கதை சொல்லும் காட்சியை இரண்டு முறை பாருங்கள், இரண்டாம் முறை நாகேஷை விட்டுப் பாலையாவை மட்டும் கவனியுங்கள்.

5. மைக்கேல் மதன காமராஜன் (1990): இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விரைவான பேச்சு, ஒருமுறை பார்த்தால் பாதிதான் கிட்டும்.

ஐந்தாம் படத்தில், மீன் விழுந்ததற்கு அன்றி, காமேசுவரன் பேசியதற்குப் பேரன் சிரித்தால், அன்று இரவு வீட்டில் ஓர் இனிப்புச் செய்யலாம்.