கொள்ளைநோய்க் காலத்தில் இரயில் நிலையம்

மனிதன் தன் ஊரில் நிலைத்து வாழினும், பிற ஊர்களோடு தொடர்பின்றி வாழ இயலாதவன். அத்தொடர்பை நம் நாட்டில் வளர்த்த சாதனங்களுள் இருப்புப்பாதை தலைசிறந்தது. 1853-ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிவண்டி ஓடிற்று. 1856-ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு வண்டி புறப்பட்டது. அன்றுதொட்டு உழவரும் வணிகரும், மாணவரும் யாத்திரிகரும் இப்பாதையால் பெற்ற நன்மைகள் பலவாம். ஆயினும், மக்களை இணைக்கும் பாதையே சில வேளைகளில் நோய்க்கும் வழியாகி விடுகின்றது. அத்தகைய காலத்தில் பெரிய நிலையங்களுக்குச் செல்லும் பயணிகள் எவ்வெவற்றை எதிர்பார்க்க வேண்டும்? அவை எதன்பொருட்டு ஏற்பட்டன? இவற்றை ஈண்டுக் காண்போம்.

பெரிய நிலையம் ஒன்றின் இயல்பை முதலில் எண்ணிப் பாருங்கள். பல திசைகளிலிருந்து வரும் மக்கள் அங்கே சிறிது நேரம் நெருங்கி நிற்கின்றனர்; பின்னர்ப் பல திசைகளுக்கும் பிரிந்து செல்கின்றனர். மூச்சுக் காற்றினால் பரவும் நோய்க்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறுண்டோ? நோயுற்ற ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் அருகில் நிற்போரைச் சேர்கின்றன. காற்றோட்டம் குறைந்த இடத்தில் மிக நுண்ணிய துளிகள் நெடுநேரம் மிதந்தும் நிற்கின்றன. எனவே, ஒரு நிலையத்தில் தோன்றும் தொற்று சில நாள்களில் பல ஊர்களை அடைதல் கூடும்.

இவ்வுண்மையை முன்னோரும் உணர்ந்திருந்தனர். பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் 1896-ஆம் ஆண்டில் பரவியது. அதனை அடக்குதற்கு 1897-ஆம் ஆண்டில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. இரயிலில் செல்வோரைச் சோதிக்கவும், நோயுற்றவரென ஐயுறப்பட்டோரைத் தனியே பிரித்து வைக்கவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது. ஆனால், அந்நாளில் அதிகாரிகள் பலர் மக்களின் மனநிலையைப் பொருட்படுத்தவில்லை. குறிப்பாகப் புனே நகரில் அவர்கள் கையாண்ட கடுமை மக்களிடையே பெருஞ்சினத்தை மூட்டியது. மக்களின் நம்பிக்கையைப் பெறாத விதி பயன் தராது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள், கொரோனா நோயை உலகப் பெருந்தொற்று என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அத்திங்களின் இறுதி வாரத்தில் நாடெங்கும் பயணிவண்டிகள் நின்றன. உணவும் நிலக்கரியும் பிற பொருள்களும் ஏற்றிய சரக்குவண்டிகள் மட்டும் இடையறாது ஓடின. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் நோயாளிகளைத் தனித்து வைக்கும் அறைகளாக மாற்றி அமைக்கப்பட்டன.

மே முதல் நாளிலிருந்து, வேலையிழந்து வேற்று மாநிலங்களில் தவித்த தொழிலாளர்களுக்கெனத் தனி வண்டிகள் விடப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டு வரை 4,600-க்கு மேற்பட்ட வண்டிகளில் ஏறத்தாழ 63 இலட்சம் பேர் தத்தம் மாநிலங்களுக்குச் சென்றனர். மே 12 முதல் புது தில்லியைச் சென்னை முதலிய 15 நகரங்களோடு இணைக்கும் சிறப்பு வண்டிகள் ஓடத் தொடங்கின. சூன் முதல் நாளில் கோயம்புத்தூர்–மயிலாடுதுறை, மதுரை–விழுப்புரம் போன்ற வண்டிகள் தமிழ்நாட்டுக்குள் புறப்பட்டன.

அந்நாள்களில் நிலையத்தின் தோற்றமே மாறியிருந்தது. உறுதிசெய்யப்பட்ட பயணச்சீட்டு உடையவரே உள்ளே விடப்பட்டனர். வழியனுப்ப வந்த உற்றார் வாயிலுக்கு வெளியிலேயே விடைபெற்றனர். வண்டி புறப்படுவதற்கு 90 நிமிடங்களுக்கு முன்னரே வந்து சேருமாறு பயணிகள் பணிக்கப்பட்டனர். நுழைவதற்கு ஒரு வழியும் வெளியேறுவதற்கு வேறொரு வழியும் இயன்றவரை வகுக்கப்பட்டன. ஒருவர்க்கொருவர் ஆறடி இடைவெளி விட்டு நிற்றற்குத் தரையில் வட்டங்கள் வரையப்பட்டன. முகக்கவசம் அணிதல் கட்டாயமாயிற்று; கைகளைத் தூய்மை செய்யக் கிருமிநாசினி வைக்கப்பட்டது.

வாயிலில் ஒவ்வொருவருடைய உடல் வெப்பமும் அளக்கப்பட்டது. நம் உடலிலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் எப்பொழுதும் வெளிப்பட்டுக் கொண்டிருக்கின்றன. உடல் வெப்பம் மிகுந்தால் அக்கதிர்களும் மிகும். உடலைத் தொடாமலே அவற்றை அளந்து வெப்பநிலையைக் காட்டுவது அக்கருவியின் தொழில். ஆயின், அது காய்ச்சலைக் காட்டுமேயன்றி நோயைக் காட்டாது. காய்ச்சல் தோன்றுமுன்னரே நோயைப் பரப்புவோரும், அறிகுறி சிறிதுமின்றிப் பரப்புவோரும் உண்டு. ஆதலால், ஒரு காவலை மட்டும் நம்பியிராமல் கவசம், இடைவெளி, கைத்தூய்மை எனப் பல காவல்களை ஒருங்கே அமைத்தனர். ஒன்றில் தப்பியதை மற்றொன்று தடுத்தல் கூடுமன்றோ?

வண்டியினுள்ளும் மாற்றங்கள் இருந்தன. குளிரூட்டப்பட்ட பெட்டிகளில் கம்பளியும் விரிப்பும் வழங்கப்படவில்லை, திரைச்சீலைகள் நீக்கப்பட்டன. உணவும் நீரும் இயன்றவரை வீட்டிலிருந்தே கொண்டு வருமாறு பயணிகள் அறிவுறுத்தப்பட்டனர். சென்று சேரும் மாநிலத்தின் நலவாழ்வு விதிகளுக்கும் அவர்கள் உட்பட வேண்டியிருந்தது.

சோதனையில் காய்ச்சலோ பிற அறிகுறியோ கண்டால் அப்பயணி வண்டியில் ஏற்றப்படவில்லை. அவருக்குச் சீட்டுத்தொகை முழுவதும் திருப்பித் தரப்பட்டது. இவ்வேற்பாடு மிகவும் கருதத்தக்கது. பணத்தை இழப்போம் என்னும் அச்சம் இருப்பின், மருந்துண்டு காய்ச்சலை மறைத்துச் செல்லவே சிலர் துணிவர். உண்மை கூறுவோர்க்கு இழப்பு நேராதெனில் மறைத்தற்குரிய காரணங்களுள் ஒன்று குறைகின்றது. ஆயினும், நோயுற்ற தாயைக் காணவோ வேலையில் சேரவோ புறப்பட்ட ஒருவர் வாயிலிலேயே நிறுத்தப்படும் துயரைப் பணத்தால் முற்றிலும் தீர்த்தல் இயலாது. அவர் தம் பயணத்தை விட்டுக்கொடுத்து, முன்பின் அறியாத பலரின் நலத்தைக் காக்கின்றார். ஆதலின், அவரைக் குற்றவாளியைப் போல் நோக்காமல் இன்சொல் கூறி மருத்துவ உதவி அளிப்பதே பண்பாகும்.

பின்னர்த் தடுப்பூசி பரவலாயிற்று. கட்டுப்பாடுகள் படிப்படியே தளர்ந்தன. 2022-ஆம் ஆண்டு மார்ச்சில் விரிப்பும் கம்பளியும் மீண்டும் வழங்கப்பட்டன. 2023-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், கொரோனா குறித்த உலக நலவாழ்வு நெருக்கடி முடிவுற்றதென உலகச் சுகாதார நிறுவனம் தெரிவித்தது. எனினும், கொள்ளைநோய் மீண்டும் தோன்றாதென எவரும் உறுதி கூற இயலாது.

மாணவர்களே! அத்தகைய காலம் வருமாயின், முன்னதாகவே நிலையத்துக்குச் செல்லுங்கள்; விதிகளின் காரணத்தை அறிந்து நடவுங்கள்; உடல் நலமில்லையெனில் பயணத்தைத் தள்ளி வையுங்கள். இரயில் நிலையம் எல்லார்க்கும் பொதுவானது. அங்கே ஒருவர் காட்டும் பொறுப்பு பல ஊர்களின் வாழ்வைக் காக்கும்.