பெனால்டியும் நடுவர் பிழையும்



சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலுள்ள ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். 1933 ஆம் ஆண்டில் குதிரைப் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறும் வரை, ஃபேரர் பார்க்கில்தான் பந்தயத் திடல் இருந்தது. குதிரைகள் போன பின் அந்த இடம் விளையாட்டுத் திடலாயிற்று. பல தலைமுறைப் பிள்ளைகள் அங்கே பந்து உதைத்து வளர்ந்தார்கள். அங்கே ஆனாலும், அருகிலுள்ள ஜாலான் புசார் அரங்கில் ஆனாலும், தோற்ற அணியின் பக்கம் நின்றால் ஒரு சொல் நம் காதில் விழும். "நடுவர் கெடுத்துவிட்டார்!"

இந்தக் குறை எப்போது நியாயமானது, எப்போது நியாயமற்றது? இதை இன்று சற்று ஆராய்வோம். உயர்நிலைப் பள்ளிகளில் காற்பந்து ஆடும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் இதை அறிந்திருப்பது நல்லது.

நடுவர் செய்யும் பிழைகள் இரு வகை. ஒன்று கண்ணின் பிழை. மற்றொன்று விதியின் பிழை.

1986 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் பந்தைத் தட்டிக் கோல் போட்டார். நடுவர் அதைக் காணவில்லை. 2010 ஆம் ஆண்டில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லம்பார்ட் உதைத்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தது. அதையும் நடுவர் கோல் என்று சொல்லவில்லை. இரண்டும் கண்ணின் பிழைகள். ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதில் நடுவரின் முடிவே இறுதியானது என்பது சட்டம். ஆகவே உலகமே பார்த்த பிழைகளாக இருந்தும் இரண்டு ஆட்டங்களின் முடிவும் மாறவில்லை. பின்னாளில் கோல் கோட்டைக் கண்காணிக்கும் கருவியும், 2018 உலகக் கிண்ணத்தில் காணொளி உதவி நடுவரும் வந்தனர். பள்ளித் திடலில் அத்தகைய வசதிகளை எதிர்பார்க்க முடியாது. அங்கே நடுவரின் கண்தான் கருவி.

விதியின் பிழை அப்படிப்பட்டதன்று. நடந்ததைச் சரியாகக் கண்டும், அதற்குரிய சட்டத்தை மாற்றிச் செயல்படுத்துவது அது. இதற்கு நம் ஆசியாவிலேயே ஓர் உதாரணம் உண்டு.

2005 செப்டம்பர் 3 ஆம் தேதி தாஷ்கண்ட் நகரில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மோதின. ஒரு கோல் முன்னணியில் இருந்த உஸ்பெகிஸ்தானுக்குப் பெனால்டி கிடைத்தது. பந்து வலைக்குள் சென்றது. ஆனால் உதைப்பதற்கு முன்பே உஸ்பெகிஸ்தான் ஆட்டக்காரர் ஒருவர் பெனால்டி எல்லைக்குள் ஓடி வந்துவிட்டார். நடுவர் அதைச் சரியாகவே கண்டார். சட்டப்படி அவர் பெனால்டியை மறுபடி உதைக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவரோ கோலை ரத்து செய்து, பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார்.

ஆட்டம் 1-0 என்று உஸ்பெகிஸ்தானுக்குச் சாதகமாகவே முடிந்தது. ஆனாலும் உஸ்பெகிஸ்தான் முறையிட்டது. ஆட்டத்தை எதிரணி இழந்ததாக அறிவித்து 3-0 என்ற வெற்றியைத் தர வேண்டும் என்று கேட்டது. அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமோ, ஆட்டத்தையே மீண்டும் ஆட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறு ஆட்டம் 1-1 என முடிந்தது. பஹ்ரைனில் நடந்த அடுத்த ஆட்டத்தில் கோல் எதுவும் விழவில்லை. எதிரணியின் திடலில் போட்ட கோலின் பலத்தால் பஹ்ரைன் அடுத்த சுற்றுக்குச் சென்றது. கையிலிருந்த வெற்றியையும் உஸ்பெகிஸ்தான் இழந்தது. ஒரு விதியை மாற்றிப் படித்ததன் விலை இது.

அந்த விதிதான் என்ன? பெனால்டி உதைக்கும்போது, உதைப்பவரையும் கோல்காவலரையும் தவிர மற்ற எல்லாரும் பெனால்டி எல்லைக்கு வெளியே, பந்துக்குப் பின்னால், பந்திலிருந்து 9.15 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நிற்க வேண்டும். யாரேனும் முந்தி நுழைந்து அதனால் உதையைப் பாதித்துவிட்டால், நடுவர் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தவறு செய்தது எந்த அணி? பந்து கோலானதா?

உதைக்கும் அணியின் ஆள் நுழைந்து பந்து கோலானால், மறுபடி உதைக்க வேண்டும். கோலாகாவிட்டால், எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். தற்காக்கும் அணியின் ஆள் நுழைந்தும் பந்து கோலானால், அந்தக் கோல் செல்லும். கோலாகாவிட்டால், மறுபடி உதைக்க வேண்டும். கோல்காவலர் கோட்டைவிட்டு முன்னே வந்து பந்தைத் தடுத்தாலும் மறுபடி உதைதான். ஓடி வந்து முடித்தபின் உதைப்பதுபோல் பாசாங்கு செய்து ஏமாற்றினால், உதைத்தவருக்கு மஞ்சள் அட்டையும் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக்கும் கிடைக்கும். அப்போது பந்து கோலானாலும் கணக்கில்லை.

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தவறு செய்தவர் தம் தவறால் லாபம் அடையக் கூடாது என்ற ஒரே நியாயத்தைப் பிடித்துக்கொண்டால், மற்றவை தாமே விளங்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆட்டம் மறுபடி தொடங்குவதற்கு முன்பு நடுவர் தம் முடிவைத் திருத்திக்கொள்ளலாம். தொடங்கிய பின் திருத்த முடியாது. ஆகவே அந்த அரை நிமிடம் மிக முக்கியம். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு கத்தினால், எந்த நடுவரும் அமைதியாகச் சிந்திக்க மாட்டார். விதி தெரிந்த தலைவர் ஒருவர் மட்டும் அருகில் சென்று, "ஐயா, மறுபடி உதைக்க வேண்டாமா?" என்று பணிவாகக் கேட்டால், பிழை அங்கேயே திருந்த வாய்ப்புண்டு.

1974 ஆம் ஆண்டு ஜூன் 19 ஆம் தேதி, மியூனிக் நகரில் போலந்தும் ஹைட்டியும் மோதிய உலகக் கிண்ண ஆட்டத்துக்கு விசில் ஊதியவர் நம் சிங்கப்பூரின் ஜார்ஜ் சுப்பையா. 2006 உலகக் கிண்ணத்தில் நடுவராகப் பணியாற்றிய ஷம்சுல் மைடினும் நம் நாட்டவரே. இந்தச் சிறிய தீவிலிருந்து அந்த இடத்துக்குப் போக முடிந்திருக்கிறது. பந்தை உதைக்கக் கற்கும் நம் பிள்ளைகளில் சிலர், நாளை விசிலையும் எடுக்க முன்வர வேண்டும்.

நடுவரின் கண் தவறினால் பொறுத்துக்கொள்வோம். விதி தவறினால் பணிவோடு எடுத்துச் சொல்வோம். அதற்கு முதலில் விதியை நாம் கற்போம்.