குரங்கணியில் நடந்தவரும் நெல்லையில் ஓடியவரும்

போடியிலிருந்து குரங்கணிக்கு வரும் வெளியூர்க்காரர்கள், "மைனா படம் எடுத்த ஊர் இதுதானே?" என்று கேட்பது நமக்குப் பழகிப்போனது. 2010 தீபாவளிக்கு வந்த படம் அது. இயக்கியவர் பிரபு சாலமன். விதார்த்தும் அமலா பாலும் அன்று பெரிய பெயர்கள் இல்லை. நம் மலைப்பாதைகளையே களமாக்கி, சிக்கனமாக எடுத்தார்கள்.

தப்பிய கைதியைப் பிடித்துவர, தீபாவளி நேரத்தில் மலையேறும் சிறைக்காவலர் ராமையாவை அந்தப் படம் பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவராக நடித்தவர் தம்பி ராமையா. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். டி.ராஜேந்தர், பி.வாசு ஆகியோரிடம் உதவியாளராக இருந்தார். டிவி தொடர்களுக்கு வசனம் எழுதினார். 2000-ல் 'மனுநீதி' படத்தை இயக்கினார். கூட்டத்தில் ஒருவராக, இரண்டு காட்சியில் வந்துபோகிறவராக நடித்துக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்த முதல் முழு வேடம் என்றே மைனாவைச் சொல்லலாம். அந்த ஆண்டின் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. பிறகு கும்கி, சாட்டை என்று ஓயாமல் படங்கள். பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்து வாங்கிய இடம், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் துணைப் பாத்திரத்தில் ஊரையே அழவைத்த எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. இந்தப் பத்தியில் நாம் பேச நினைத்தது இன்னொருவரைப் பற்றி.

2018 செப்டம்பரில் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தது. அதில் பரியனின் அப்பாவாக வந்தவர் நெல்லை தங்கராஜ். பாளையங்கோட்டைக்காரர். பெண் வேடமிட்டு ஆடும் நாட்டுப்புறக் கலைஞர். படத்திலும் அதே வேலைதான் அவருக்கு. மகன் படிக்கும் கல்லூரிக்கு வந்த அந்த அப்பாவின் வேட்டியை மாணவர்கள் உருவி விரட்ட, அவர் கூசிக்குறுகி, நடுரோட்டில் ஓடுவார். சட்டம் படிக்கப் போகும் பிள்ளையின் தகப்பனுக்கு இந்த ஊர் தரும் மரியாதை எது என்று ஒரு பக்க வசனம் எழுதிச் சொல்ல வேண்டியதை அந்த ஓட்டமே சொல்லிவிட்டது. நம் காலனித் தெருப் பிள்ளைகள் பலர் அந்த இடத்தில் திரையைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

படம் ஓடியது. பாராட்டுகள் குவிந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, தங்கராஜ் இடியும் நிலையிலிருந்த வீட்டில் வறுமையில் வாழ்கிறார் என்று செய்தி வந்தது. அதன்பிறகுதான் மாவட்ட நிர்வாகமும் தமுஎகச தோழர்களும் கைகொடுக்க, அவருக்குப் புது வீடு அமைந்தது. அதில் நெடுநாள் வாழ அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2023 பிப்ரவரியில் இறந்துபோனார்.

இரண்டுமே துணை வேடங்கள்தாம். ஒருவர் சென்னையில் வேர்பிடித்த பிறகு வாய்ப்பு வந்தது. அடுத்த படத்துக்கு அழைக்க ஆட்கள் அருகில் இருந்தார்கள். இன்னொருவரை அவரது ஊரிலிருந்து கூட்டிப்போனார்கள், வேலை முடிந்ததும் அவர் ஊருக்கே திரும்பினார். 'முகத்திலேயே அந்த வாழ்க்கை இருக்கிறது' என்று சினிமாக்காரர்கள் புகழ்வார்கள். அந்த வாழ்க்கை மாறியதா என்று பிறகு வந்து பார்ப்பவர்கள் குறைவு.

போடி, குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் கேமராவோடு இனியும் வருவார்கள். பறை அடிப்பவரையும், கரகம் எடுப்பவரையும், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்களையும் 'வந்து நில்லுங்க' என்பார்கள். நிற்கலாம். ஆனால் ஒருநாள் கூலி எவ்வளவு, வசனம் பேசினால் எவ்வளவு, டைட்டிலில் பெயர் போடுவார்களா என்பதை முதலிலேயே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். நாயகன் கேட்காமலா நடிக்கிறார்?

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது. பறை, கரகம், ஒயில், கூத்து எதை ஆடினாலும் அதில் உறுப்பினராகலாம். உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்க முடியும். கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் மதுரையில் உள்ளது. கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் தங்கள் தெருவில் உள்ள மூத்த கலைஞர்களுக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். ஆதார், குடும்ப அட்டை நகல்கள், நிகழ்ச்சி நடத்தியபோது எடுத்த ஒரு போட்டோ, இவற்றை இப்போதே தேடி எடுத்துவைத்தால் அலைச்சல் குறையும்.