வைரம் வாங்கும் மகன்! சம்பளத்தைத் தேடும் அம்மா!!

செல்போனில் தனி 'பர்ஸ்' வைப்பது எப்படி?

மாலை மணி 6. ஆம்பூர் பைபாஸ் ரோட்டில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. சாப்பாட்டுக் கூடையும் கையுமாகப் பெண்கள் இறங்குகிறார்கள். அன்று சம்பள நாள்.

முன்பெல்லாம் சம்பளம் கவரில் வரும். எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொள்வார்கள். இப்போது பேங்கில் விழுகிறது. 'டிங்' என்று செல்போனில் மணி அடிக்கிறது. அவ்வளவுதான்!

ஆனால், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மறுபடி மணி அடிக்கிறது. இந்தத் தடவை பணம் வரவில்லை. போகிறது!

"ஏண்டா, இன்னாடா இது? எண்பது ரூபா, நூத்தி அறுபது ரூபான்னு வரிசையா போயிகினே கீது?"

"கேம்ல டைமண்ட் வாங்கினேன்மா."

"டைமண்டா? எங்கடா அந்த வைரம்? காட்டு, நானும் பார்க்கிறேன்!"

பையன் செல்போனைக் காட்டுகிறான். திரையில் ஒரு பொம்மை வீரன். அவனுக்குப் புதுச் சட்டை. கையில் தங்க நிறத் துப்பாக்கி.

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறாள். நாள் முழுக்க மெஷினில் தோல் தைத்த காசு, பொம்மைக்குச் சட்டையாகிவிட்டது!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம்... பாலாற்றங்கரை தோல் ஊர்களில் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய காட்சி இது. காரணம் சுலபம். அம்மா கம்பெனியில். பிள்ளை வீட்டில். நடுவில் செல்போன்!

குருவே பிள்ளைதான்!

2020-ல் கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் மூடியது. ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கியாவது செல்போன் வாங்கிக் கொடுத்தார்கள். வகுப்பு முடிந்தது. செல்போன் நின்றுவிட்டது.

அம்மாவுக்கு யு.பி.ஐ. சொல்லிக் கொடுத்தவனே மகன்தான். காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்யக் காட்டிக் கொடுத்தவனும் அவன்தான். ரகசிய 'பின்' நம்பரைப் போட்டுக் கொடுத்தவனும் அவனே!

பிறகு அது ரகசியமா?

யு.பி.ஐ. என்பது நேராக பேங்க் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வழி. அந்தக் கணக்கில்தான் முழுச் சம்பளமும் இருக்கிறது. வாடகை, சீட்டுப் பணம், ரேஷன், மருந்து எல்லாம் அதில்தான்.

கடைக்குப் போகும் பையனிடம் 10 ரூபாய் கொடுப்போம். பீரோ சாவியைக் கொடுப்போமா? செல்போனில் மட்டும் கொடுத்துவிடுகிறோம்!

சுருக்குப் பை தனி!

'வேண்டவே வேண்டாம்' என்று செல்போனைப் பிடுங்கி வைக்கலாம். எத்தனை நாளைக்கு? பக்கத்து வீட்டுப் பையன் ஆடுகிறான். இவன் அங்கே போவான்.

வேறு வழி உண்டு. அதுதான் 'வாலட்'. தமிழில் சொன்னால் சுருக்குப் பை.

பீரோவில் இருப்பது பீரோவில் இருக்கட்டும். சுருக்குப் பையில் எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவுதான் செலவாகும். தீர்ந்தால் தீர்ந்தது. பேங்க் கணக்கைத் தொடாது.

இதற்கு ரிசர்வ் வங்கி 2021-ல் விதிகளை வகுத்திருக்கிறது. வாலட் இரண்டு வகை.

ஒன்று சின்ன வாலட். செல்போன் நம்பர், அதற்கு வரும் ஓ.டி.பி., பெயர், ஏதாவது ஒரு அடையாள அட்டை எண். இவை போதும். ஒரே நேரத்தில் ரூ.10 ஆயிரத்துக்கு மேல் இதில் வைத்திருக்க முடியாது. பொருள் வாங்கலாம், கட்டணம் கட்டலாம். அடுத்த ஆளுக்குப் பணம் அனுப்ப முடியாது. வீட்டுக்கு இதுவே நல்லது!

இன்னொன்று, முழு விவரமும் கொடுத்து 'கே.ஒய்.சி.' முடிக்கும் பெரிய வாலட். ரூ.2 லட்சம் வரை வைக்கலாம். விளையாட்டுக்கு இது எதற்கு?

எப்படித் தொடங்குவது?

* வாலட்டை அம்மாவோ அப்பாவோ தங்கள் பெயரில்தான் திறக்க வேண்டும். பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்-அப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள்.

* மாதம் ரூ.50-ஓ, 100-ஓ, வீட்டு வசதிக்கு ஏற்ப ஒரு தொகையைப் பேசி முடிவு செய்யுங்கள். அதை மட்டும் போடுங்கள்.

* 'பணம் குறைந்தால் தானாக நிரப்பவா?' என்று சில வாலட் கேட்கும். 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் பீரோவிலிருந்து பைக்குக் குழாய் போட்ட கதைதான்!

* பிளே ஸ்டோரில் பேங்க் கார்டு, யு.பி.ஐ. சேர்த்து வைத்திருந்தால் நீக்குங்கள். செட்டிங்சில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி மாற்றுங்கள்.

* வாலட்டை ஏற்காத இடத்தில் பிளே ஸ்டோர் கிப்ட் கார்டு வாங்கலாம். அதுவும் முன்பணம்தான். தீர்ந்தால் நின்றுவிடும்.

* கடைசியாக, யு.பி.ஐ. 'பின்' நம்பரை இன்றைக்கே மாற்றுங்கள். மகனை வெளியே அனுப்பிவிட்டு மாற்றுங்கள்!

பாதி விலை வைரம்!

"அண்ணன் ஒருத்தர் பாதி விலைக்கு டைமண்ட் தர்றாராம்" என்பான் பையன். உஷார்!

இந்த 'அண்ணன்' டெலிகிராமிலோ இன்ஸ்டாகிராமிலோ இருப்பார். முகம் தெரியாது. முதலில் பணம் கேட்பார். அடுத்து விளையாட்டுக் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்பார். கடைசியில் "உன் பணத்தைத் திருப்பித் தருகிறேன், பின் நம்பரைப் போடு" என்பார்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பணம் வாங்க 'பின்' நம்பர் தேவையே இல்லை. 'பின்' போட்டால் பணம் போகும். வராது!

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் போடுங்கள். இது சைபர் குற்றப் புகாருக்கான நம்பர். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

பிள்ளையே தெரியாமல் வாங்கிவிட்டால்? அது திருட்டு அல்ல. பேங்கில் போய் நின்று பயனில்லை. பிளே ஸ்டோரில் 48 மணி நேரத்துக்குள் 'ரீபண்ட்' கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் சரி. உறுதி இல்லை.

ரம்மி கதை வேறு!

வைரம் வாங்குவது ஒரு செலவு. சினிமா டிக்கெட் மாதிரி. போன காசு திரும்பாது. ஆனால் அத்தோடு முடிந்தது.

பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டம் அப்படி அல்ல. விட்டதைப் பிடிக்க மறுபடி கட்டச் சொல்லும். அங்கே சுருக்குப் பையும் காப்பாற்றாது. கடன் வாங்கியாவது பையை நிரப்ப வைக்கும்.

இதை ஒழிக்கத் தமிழகம் நீண்ட போராட்டமே நடத்தியது. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 2021-ல் அது சட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சென்னை ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022-ல் குழு அமைத்தார்கள். புதிய மசோதாவைக் கவர்னர் திருப்பி அனுப்பினார். சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பரில் ஐகோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குத் தடை செல்லாது என்றது.

பிறகு 2025-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. ஆகஸ்ட் 22-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதல் தந்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் நடத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 கோடி வரை அபராதம். அதற்குப் பணம் கைமாற்றிக் கொடுக்கும் நிறுவனத்துக்கும் அதே தண்டனை!

ஆகவே, "எங்கள் ஆட்டத்துக்கு வாலட் வைத்துக்கொள், ஜெயித்தால் அதிலேயே பணம் வரும்" என்று எவனாவது ஆசை காட்டினால், அது சுருக்குப் பை அல்ல. சுருக்குக் கயிறு!

செக்கிங் கண்!

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு திறமை உண்டு. அப்பரில் ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த ஜோடி அடுத்த டேபிளுக்குப் போகாது.

செல்போனில் வரும் மெசேஜையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். இரவு படுக்குமுன் இரண்டு நிமிஷம் போதும். என்ன வந்தது, என்ன போனது? படிக்கத் தெரியாவிட்டால் மகனையே படிக்கச் சொல்லுங்கள். தினமும் கேட்கும் அம்மாவிடம் எந்தப் பிள்ளையும் மறைக்கப் பயப்படுவான்.

அந்த ஆம்பூர் வீட்டுக்கே திரும்பி வருவோம். அடி, உதை, அழுகை எல்லாம் முடிந்த பிறகு அம்மா இப்படிச் சொன்னால் போதும்:-

"மாசம் நூறு ரூபா. நானே போடுறேன். சட்டை வாங்குவியோ, துப்பாக்கி வாங்குவியோ, உன் இஷ்டம். தீர்ந்துச்சுன்னா அடுத்த சம்பளம் வரைக்கும் கேக்கக் கூடாது. சரியா?"

பையன் ஆடட்டும். பொம்மைக்குப் புதுச் சட்டை போடட்டும்.

பீரோ சாவி மட்டும் அம்மா இடுப்பிலேயே இருக்கட்டும்!