இரண்டு ஜாய்ஸ்டிக்... ஒரு பிளாஸ்டிக் சட்டம்! பழைய வீடியோ கேம்களைக் காப்பாற்றும் குட்டிச் சமாசாரம்

இன்றைய பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரலுக்கும் ஆளுக்கொரு குமிழ். இடது பக்கம் நடக்க, வலது பக்கம் குறிபார்க்க. வீட்டுச் சுட்டிகள் யாரும் சொல்லித் தராமலே இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் 40 வருடங்களுக்கு முன் இதே வசதி வீட்டுக்குள் வர, ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்பட்டது.

கட்டுப்போட்ட கை தந்த ஐடியா

1982-ல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் நிறுவனம் 'ரோபோட்ரான்: 2084' என்ற ஆர்கேட் கேமை வெளியிட்டது. காசு போட்டு, நின்றபடி ஆடும் பெரிய பெட்டி. உருவாக்கியவர்கள் யூஜின் ஜார்விஸ், லாரி டிமார். கார் விபத்தில் ஜார்விஸின் வலது கையில் அடி. கட்டோடு வேலைக்குத் திரும்பியவரால் பட்டன் வைத்த கேம்களை ஆட முடியவில்லை. அப்போது பிறந்த யோசனைதான், பட்டனே இல்லாத இரட்டை ஜாய்ஸ்டிக். இடதில் ஓட்டம், வலதில் துப்பாக்கி.

நாலா பக்கமும் ரோபோக்கள் சூழ்ந்துவர, நடுவில் தவிக்கும் அப்பா, அம்மா, பையன் மைக்கி மூவரையும் மீட்க வேண்டும். ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இன்னொரு பக்கம் சுடாவிட்டால் சில நொடிகளில் ஆட்டம் காலி. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்துவிட்டால் இது வேறு கேம்.

மூன்றாவது கைக்கு எங்கே போவது?

இந்த கேம் வீட்டுக்கு வந்தபோதுதான் சிக்கல். அந்தக் கால ஜாய்ஸ்டிக்கை ஒரு கையால் பிடித்து, மறு கையால்தான் அசைக்க வேண்டும். இரண்டு ஜாய்ஸ்டிக் என்றால் பிடித்துக்கொள்ளக் கை ஏது? தரையில் வைத்தால் வழுக்கும், சாயும்.

அடாரி 5200 கன்சோலுக்கு வந்த ரோபோட்ரான் பெட்டிக்குள் இதற்குத் தீர்வும் இருந்தது. இரண்டு கன்ட்ரோலர்களைப் பக்கத்தில் பக்கத்தில் செருகி நிறுத்தும் ஒரு பிளாஸ்டிக் தாங்கி. வயர் இல்லை, சர்க்யூட் இல்லை. 'ஸ்பேஸ் டஞ்சன்' கேமுடனும் இதே தாங்கி கிடைத்தது. என்ன, 5200-ன் ஜாய்ஸ்டிக் கையை எடுத்தாலும் தானாக நடுவுக்குத் திரும்பாது. அந்த எரிச்சலைத் தாங்கியால் தீர்க்க முடியவில்லை!

பிறகு வந்தவர்கள் வேறு வழி பிடித்தார்கள். சூப்பர் நின்டெண்டோவில் 'சூப்பர் ஸ்மாஷ் டிவி' ஆடியவர்களுக்குத் தாங்கியே வேண்டாம். வலது பக்கத்து நான்கு பட்டன்கள் கூட்டல் குறிபோல இருப்பதால், அவையே சுடும் திசைகள் ஆகிவிட்டன. நின்டெண்டோ 64-ன் 'கோல்டன்ஐ 007' (1997) இன்னும் சுவாரஸ்யம். ஒரே ஆள் இரண்டு கன்ட்ரோலர்களைச் செருகி, கைக்கு ஒன்றாக அவற்றின் நடுக்காம்பைப் பிடித்து ஆடலாம். கட்டைவிரலுக்கு ஜாய்ஸ்டிக், ஆள்காட்டி விரலுக்கு ட்ரிக்கர்.

இப்போது ஆட ஆசையா?

பழைய கன்சோலும் கேமும் கிடைத்தாலும், அந்த பிளாஸ்டிக் துண்டு கூடவே கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் ரெட்ரோ பிரியர்கள் 3டி பிரின்டரில் தாங்கி செய்துகொள்கிறார்கள். ஒரு மரப்பலகையும் வெல்க்ரோ பட்டையும்கூடப் போதும். பலகை கனமாக இருக்கட்டும், அடியில் ரப்பர் ஒட்டுங்கள். இரண்டு ஜாய்ஸ்டிக்கும் ஒரே திசையைப் பார்த்தபடி நேராக இருக்க வேண்டும். ஒன்று லேசாகத் திரும்பியிருந்தாலும் மேலே சுட நினைத்தது மூலையில் போய்ப் பாயும்.

ஒரு கன்ட்ரோலருக்கான தாங்கி இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதால், காசு கொடுக்கும் முன் மாடலைச் சரிபாருங்கள். அதைவிட முக்கியம், ஒரே ஆள் இரண்டு ஜாய்ஸ்டிக்கில் ஆடும் வசதி அந்த கேமில் இருக்கிறதா என்பது. அது இல்லாவிட்டால் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு ஆட்டினாலும் திரையில் எதுவும் நகராது.